ஒருவர் ஏறுவார், ஒருவர் கீழே நிற்பார்: இருவருமாகப் பார்க் பார்க்காகச் சுற்றலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் வளர்ந்து தனியாகப் போய்விட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய நீங்கள் இருவரும் இனி வருடத்துக்கு ஒரு பயணம் என்று உலகத்தின் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பார்க்க நினைக்கிறீர்கள். மனைவிக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர், உங்களுக்கோ குதிரை ராட்டினத்திலேயே தலை சுற்றும். இது சரிப்பட்டு வருமா, இந்த வயதில் ஆபத்தில்லையா, எங்கே ஆரம்பிக்கலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவள் ஏறும்போதெல்லாம் நான் என்ன செய்வேன்?" உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் பதில் அதிலிருந்துதான் கிளம்புகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். இருபது வருடத்துக்கு மேல் ரைடுகளைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தேன். சக்கரம், பிரேக், இருக்கைப் பூட்டு, வெல்டிங்கில் விரிசல் இதெல்லாம்தான் என் அன்றாடம். லீவு கிடைத்தால் மறுபடியும் பார்க்குக்கே போவேன். என் வீட்டில் நிலைமை உங்களுக்கு நேர் எதிர்: ஏறுவது நான், கீழே நிற்பது என் கணவர். இப்படி இருவருமாக ஊர் ஊராகச் சுற்றி ரொம்ப வருடமாகிறது. எந்திரத்தைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் தயங்காமல் நம்பலாம். உடம்பைப் பற்றிச் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், நான் மருத்துவம் படித்தவள் இல்லை.

எங்கள் முதல் பயணம் நன்றாக அமையவில்லை. தவறு என்னுடையது. ஐந்து நாளில் நான்கு பார்க் என்று திட்டம் போட்டேன், பட்டியலில் இருந்ததெல்லாம் நான் ஏற நினைத்த கோஸ்டர்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு ரைடு பழுதாகி, வரிசை நகரவே இல்லை. நான் உள்ளே ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் வெளியே வெயிலில் இரண்டு பைகளையும் என் மூக்குக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தபோது கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் உன்கூட வந்தேனா, உன் பைகூட வந்தேனா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மீதித் திட்டத்தைக் கிழித்துப் போட்டோம்.

அதற்கப்புறம் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தப் பூங்காவுக்குப் போவது என்பதைக் குறைவாக ஏறுகிறவர்தான் தேர்ந்தெடுப்பார். போன இடத்தில் எதில் ஏறுவது என்பதை அதிகம் ஏறுகிறவர் முடிவு செய்வார். கேட்கும்போது ஏறுகிறவருக்கு நஷ்டம் போலத் தோன்றும். நடைமுறையில் அப்படி ஆவதில்லை, ஏனென்றால் ஏறாதவருக்கும் ஒரு நாள் முழுக்கப் போதுமான பூங்காக்கள் பெரும்பாலும் நல்ல பூங்காக்களாகவே இருக்கின்றன. அங்கே நல்ல கோஸ்டரும் இருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பொழுதுபோக்குப் பூங்கா என்பது ரைடிலிருந்து பிறந்தது இல்லை, தோட்டத்திலிருந்து பிறந்தது. இன்றும் இயங்குகிறவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் பாக்கன், டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு வடக்கே ஒரு மான் காட்டுக்குள் இருக்கிறது. அதன் வரலாற்றை 1583 முதல் கணக்கு வைக்கிறார்கள். ஜனங்கள் அங்கே போனது ஊற்றுத் தண்ணீருக்காக. அந்தக் கூட்டத்தைத் தேடித்தான் கூத்தாடிகளும் கடைக்காரர்களும் வந்தார்கள். வியன்னாவின் பிராட்டர் அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்தது, 1766-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே 1897-ல் கட்டிய ராட்சத ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. கிட்டத்தட்ட 65 மீட்டர் உயரம், மெதுவாகச் சுற்றும் மரப்பெட்டிகள். உங்களைப் போன்றவருக்கும் அதில் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். முதலில் 30 பெட்டிகள் இருந்தன. போரில் எரிந்துபோன பிறகு திரும்பக் கட்டியபோது 15 மட்டும் மாட்டினார்கள். என் கணவர் அந்த இடைவெளிகளைக் கீழிருந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கோபன்ஹேகன் நடுவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிவோலி 1843-ல் திறந்தது. அங்கே இருக்கும் ஏரி பழைய நகரக் கோட்டையின் அகழியில் மிச்சமிருந்த துண்டு. 1874-ல் கட்டிய ஒரு ஊமைநாடக மேடை இருக்கிறது, அதன் திரை ஒரு மயில். நாடகம் தொடங்கும்போது மயில் தோகை இரண்டு பக்கமும் மடங்கி இறங்கும், நடுவில் மேடை தெரியும். நான் கோஸ்டரில் இரண்டு முறை போய்விட்டு வந்தபோது அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். "நாடகம் முடியட்டும், திரை மூடுவதைப் பார்க்கணும்" என்றார். நானும் உட்கார்ந்தேன். அன்று மூன்றாவது முறை ஏறவில்லை, ஏறியிருக்கலாமே என்று தோன்றவும் இல்லை.

நெதர்லாந்தின் எஃப்டெலிங் இன்னொன்று. 1952-ல் தேவதைக் கதைக் காட்டோடு தொடங்கிய இடம். அந்தோன் பீக் என்ற ஓவியர் வரைந்த குடிசைகளும் உருவங்களும் மரங்களுக்கு நடுவே இருக்கின்றன. குப்பைத் தொட்டிக்குப் பதில் வாயைத் திறந்துகொண்டு ஒரு குண்டு உருவம் உட்கார்ந்திருக்கும். "காகிதம் இங்கே" என்று டச்சு மொழியில் கூப்பிடும். காகிதத்தை வாயருகே கொண்டுபோனால் உறிஞ்சி எடுத்துவிட்டு நன்றி சொல்லும். அதற்குக் கொடுக்கவென்றே பெரியவர்களும் தரையில் காகிதம் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே பூங்காவில் நேர்செங்குத்தாகச் சுரங்கத்துக்குள் விழும் கோஸ்டரும் இருக்கிறது, 2015-ல் திறந்தது. உங்கள் மனைவி அதில் இருக்கும் நேரத்தில் நீங்கள் காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கலாம். பிறகு இருவரும் சேர்ந்து படகிலோ இருட்டுக்குள் மெல்லப் போகும் ரைடிலோ உட்காரலாம்.

சரி, உங்கள் தலைசுற்றலுக்கு வருகிறேன். ஏற மாட்டேன் என்கிறவர்களில் இரண்டு வகை உண்டு, பலர் அதைக் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பயம். இன்னொன்று குமட்டல். பயம் மனசில் இருக்கிறது, பழகப் பழகக் குறையலாம். குமட்டல் உள்காதில் ஆரம்பிக்கிறது. உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகம் கூடுகிறது என்று உள்காது மூளைக்குச் சொல்கிறது. கண் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டும் பொருந்தாதபோது வயிறு பிரட்டுகிறது. பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இதுதான்.

இதிலிருந்து வரும் ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: தலைசுற்றல்காரருக்குப் பெரிய எதிரி பெரும்பாலும் ரோலர் கோஸ்டர் இல்லை. ஒரே இடத்தில் சுழலும் கோப்பை ராட்டினமும், பெரிய திரை முன்னால் நாற்காலி மட்டும் ஆடும் சிமுலேட்டரும்தான். திரையில் நீங்கள் மலை மேல் பறக்கிறீர்கள், உடம்போ ஒரு அடிகூட நகரவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் இதைவிடப் பெரிய சண்டை கிடையாது. வெளியில் ஓடும் கோஸ்டரில் பாதை கண்ணுக்குத் தெரிகிறது, திரும்புகிற பக்கமே உடம்பும் திரும்புகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்தும் விடுகிறது. என் கணவர் சிமுலேட்டர் பக்கம் இன்றும் போவதில்லை, ஆனால் பழைய மரக் கோஸ்டர்களில் என்னோடு வருகிறார். எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு எது ஒத்துவராது என்று தெரிந்துகொள்ள, காலையில் தெம்பாக இருக்கும்போது சின்னது ஒன்றில் ஏறிப் பாருங்கள். அரை மணி நேரம் சும்மா நடங்கள். வயிறு சரியாக இருந்தால் அடுத்தது. குமட்டல் லேசாக ஆரம்பித்த உடனே அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அடக்கிக்கொண்டு இன்னொன்றில் ஏறினால் மாலை வரை தீராது. பயண வாந்திக்கான மாத்திரைகள் பல தூக்கம் வரவைக்கும், சில வேறு மருந்துகளோடு ஒத்துப்போகாது. அதனால் டாக்டரிடம் கேட்டு, ஊரில் இருக்கும்போதே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப்போங்கள்.

எந்த இருக்கை என்பதும் முக்கியம். நீளமான ரயிலில் நடுப்பெட்டிதான் சாது. முன்பெட்டி உச்சியைத் தாண்டிய பிறகும் பின்னால் இருக்கும் எடை இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால் அது தயங்கித் தயங்கித்தான் இறங்கும். காட்சி நன்றாக இருக்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது ரயிலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கீழே விழுந்துகொண்டிருக்கிறது, அதனால் அது சுண்டி இழுக்கப்படும், உடம்பு இருக்கையைவிட்டு எழும்பும். உங்கள் மனைவி கடைசி வரிசையைத்தான் கேட்பார். நீங்கள் நடுவில் கேளுங்கள், கண்ணை மூடாமல் முன்னால் வரும் தண்டவாளத்தைப் பாருங்கள். அடுத்த வளைவு தெரிந்தால் கழுத்து முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். மரக் கோஸ்டரில் இன்னொரு சூட்சுமம்: காலையில் கிரீஸ் குளிர்ந்து இறுகி இருக்கும், ரயில் சோம்பலாக ஓடும். நாள் முழுக்க ஓடிச் சூடான பிறகு சாயங்காலத்தில் அதே ரைடு வேகமாகப் போகும். எனவே நீங்கள் காலையில் ஏறுங்கள், அவரை ராத்திரியில் ஏறச் சொல்லுங்கள்.

அடுத்து ஆபத்து பற்றி. எந்திரத்தின் பக்கம் நான் திடமாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. ரயிலுக்கு மூன்று வகைச் சக்கரம் உண்டு: மேலே எடையைத் தாங்குவது, பக்கத்தில் அணைப்பது, தண்டவாளத்துக்கு அடியில் பிடித்துக்கொள்வது. அந்த அடிச்சக்கரம் ஜான் மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1919-ல் காப்புரிமை வாங்கியது. அது வந்த பிறகுதான் ரயில் உச்சியில் எழும்பினாலும் தண்டவாளத்தை விட்டுப் போகாது என்ற நிலை வந்தது. சங்கிலியில் ஏறும்போது கேட்கும் "டக் டக் டக்" பலரைப் பயமுறுத்துகிறது. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாமல் பிடிக்கும் நாக்கு, பல் பல்லாகத் தாண்டும் சத்தம் அது. அதைக் கேட்டால் நிம்மதியாக இருங்கள். பாதை முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு ரயில் இருந்தால் அடுத்த ரயிலை அதற்குள் கணினி விடாது. முடிவில் இருக்கும் காந்த பிரேக்குக்கு மின்சாரமே வேண்டாம், நிலைக் காந்தத்துக்கு நடுவே உலோகத் தகடு பாய்ந்தாலே வேகம் குறைந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் விபத்து நடந்திருக்கிறது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2015-ல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில், பாதையில் நின்றுபோயிருந்த ஒரு காலி ரயிலின் மேல் ஆட்கள் இருந்த ரயில் மோதியது. இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். பாதையில் ஒரு ரயில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு எந்திரம் சரியாகவே கண்டுபிடித்து அடுத்த ரயிலை நிறுத்தி வைத்திருந்தது. எந்திரம்தான் தவறாகச் சொல்கிறது என்று நினைத்து மனிதர்கள் அதை மீறி அனுப்பினார்கள். என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்துப் பயந்ததும் இதைத்தான்: அவசரத்தில் இருக்கும் மனிதன். அதனால் ஒரு ரைடை நிறுத்தி வைத்திருந்தால், மழை மேகம் என்று மூடினால், எரிச்சல்படாதீர்கள். மூடத் தெரிந்த பூங்காதான் நல்ல பூங்கா. ஏறுவதற்கு முன்னால் நான் இன்றும் ஐந்து நிமிடம் ஸ்டேஷனைக் கவனிப்பேன். ஊழியர் ஒவ்வொரு மடிக்கம்பியையும் கையால் அழுத்திப் பார்க்கிறாரா, பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறாரா, இரண்டு பக்கமும் கைகாட்டிய பிறகுதான் ரயிலை அனுப்புகிறார்களா? இது உங்களுக்கும் எளிது, கீழே நிற்கும்போது நீங்களே பார்த்து மனைவிக்குச் சொல்லலாம்.

உடம்பின் பக்கம்தான் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாதது. ஜப்பானின் ஃபுஜி-க்யூ ஹைலேண்டில் டோ-டோடோன்பா என்றொரு கோஸ்டர் இருந்தது, 1.56 நொடியில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். எலும்பு முறிந்ததாகப் பயணிகள் சிலர் சொன்னதால் 2021-ல் நிறுத்தினார்கள், 2024-ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பூட்டும் சக்கரமும் சரியாக இருந்தாலும் எல்லா உடம்பும் எல்லா வேகத்தையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஐம்பதுக்கு மேல் எலும்பு மெலிவு, கழுத்துத் தேய்மானம், ரத்த அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு எல்லாம் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். "நான் இருபது வருடமாக ஏறுகிறேன்" என்பது இதற்குப் பதில் ஆகாது. உங்கள் மனைவி பயணத்துக்கு முன்னால் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். "ரோலர் கோஸ்டரில் ஏறுவேன், ஒரு நாளில் பத்து முறை" என்று டாக்டரிடம் எண்ணிக்கையோடு சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், உயரமோ பருமனோ சராசரியைவிட அதிகம் இருந்தால் பல பூங்காக்களில் வரிசைக்கு வெளியே ஒரு மாதிரி இருக்கை வைத்திருப்பார்கள். முதலில் அதில் உட்கார்ந்து பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் நின்று, ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் இறக்கிவிடப்படுவது மனசுக்கு ரொம்பக் கஷ்டம்.

இப்படிச் சேர்ந்து சுற்றினால் உறவு நெருக்கமாகும் என்று படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணையைக் கையால் தொடாமல் தாங்கிக்கொண்டு தவழ்ந்து போகச் சொன்னார்கள். ஏழு நிமிட விளையாட்டு. அதைச் செய்தவர்கள், சலிப்பான வேலை செய்த தம்பதிகளைவிடத் தங்கள் உறவைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். புதிதான, கொஞ்சம் படபடப்பான ஒன்றைச் சேர்ந்து செய்வது நல்லது என்பதற்கு இது ஆதாரம். ஆனால் ரோலர் கோஸ்டரையே நேரடியாக எடுத்துக்கொண்ட 2003 ஆய்வு ஒன்று உண்டு, மெஸ்டன், ஃப்ரோலிக் என்ற இருவர் செய்தது. ரைடில் இறங்கியவர்களுக்கு ஒரு முன்பின் தெரியாதவரின் படம் கூடுதல் கவர்ச்சியாகத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். நண்பரோடு ஏறியவர்களிடம் அந்த விளைவு இருந்தது, காதல் துணையோடு ஏறியவர்களிடம் தெளிவாக இல்லை. ஆக, ரைடின் படபடப்பு தம்பதியை நெருக்கமாக்கும் என்பதற்கு அந்த ஆய்விலிருந்து பலம் கிடைக்காது. முதல் ஆய்வில் இருவரும் ஒரே காரியத்தைச் சேர்ந்து செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று ஒன்றே முக்கால் மணி நேரம் நின்ற எங்களுக்கு அந்த நன்மை எப்படிக் கிடைத்திருக்கும்?

அதனால் பிரிந்து நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் திட்டமிடுவதில் முக்கால்வாசி வேலை. பூங்கா திறக்கும் முதல் ஒரு மணி நேரமும், மூடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரமும்தான் வரிசை குறைவு. உங்கள் மனைவியின் பெரிய ரைடுகளை அந்த இரண்டிலும் முடித்துவிடுங்கள். பல பூங்காக்களில் தனியாக வருகிறவர்களுக்கென்று ஒரு வரிசை இருக்கும், காலியாகும் ஒற்றை இருக்கைகளை அதிலிருந்து நிரப்புவார்கள். சேர்ந்து ஏறும் ஜோடிகளுக்கு, தங்களைப் பிரித்துவிடும் என்பதால் அது பிடிக்காது, உங்களுக்கோ அது வரப்பிரசாதம். ஒரு மணி நேர வரிசை பல சமயம் கால் மணியில் முடிந்துவிடும். பெரிய பூங்காவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பதில்தான் சண்டை வருகிறது. மத்தியானம் கூட்டமும் வெயிலும் உச்சத்தில் இருக்கும்போது வெளியே வந்து தூங்கிவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போங்கள். எந்த நேரம், எந்த இடம் என்று பேசி வைத்துக்கொண்டு பிரியுங்கள். போனை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் லாக்கரில் இருக்கும்.

எண்ணிக்கை வியாதி பற்றியும் எச்சரிக்கிறேன். ரசிகர்கள் தாங்கள் ஏறிய ஒவ்வொரு கோஸ்டரையும் ஒரு "கிரெடிட்" என்று கணக்கு வைப்பார்கள், அமெரிக்காவில் 1978-லிருந்தே அதற்கென்று ரசிகர் சங்கம் இருக்கிறது. நல்ல மனிதர்கள், எவ்வளவோ கற்றுத் தருவார்கள். ஆனால் எண்ணிக்கையைத் துரத்த ஆரம்பித்தால், குழந்தைகள் ரைடில்கூட ஏறிவிட்டு அடுத்த பூங்காவுக்கு ஓடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. உங்கள் மனைவி எண்ணட்டும், தவறில்லை. நீங்களும் உங்களுக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணவர் பழைய குதிரை ராட்டினங்களையும், அவற்றோடு வாசிக்கும் காற்று ஆர்கன்களையும் தேடிப் போகிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நோபெல்ஸ் என்ற பூங்காவில், ராட்டினம் சுற்றும்போதே கையை நீட்டி வளையத்தைப் பிடுங்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது, பித்தளை வளையம் கிடைத்தால் இன்னொரு சுற்று இலவசம். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏறும் ரைடுக்கு மட்டும் காசு. ஏறாதவர் வீணாக முழு டிக்கெட் வாங்க வேண்டாம். அதே இடத்தில் ஃபீனிக்ஸ் என்ற மரக் கோஸ்டர் இருக்கிறது. டெக்ஸாஸில் மூடிப்போன ஒரு பூங்காவிலிருந்து கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து 1985-ல் மறுபடி நிறுத்தியது. என்னை எந்த ஊர் கோஸ்டரில் கடைசியாக ஒருமுறை ஏறச் சொன்னாலும் அதைத்தான் சொல்வேன்.

இருவருமே ஏறும்படி ஒன்று வேண்டுமென்றால் இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1935-ல் கட்டிய கிராண்ட் நேஷனல் இருக்கிறது. இரண்டு ரயில்கள் பக்கத்தில் பக்கத்தில் பந்தயம் ஓடும். பார்க்க இரண்டு தண்டவாளம், உண்மையில் ஒரே தண்டவாளம்தான் இரண்டு சுற்றாக ஓடுகிறது. அதனால் இடது பக்கம் கிளம்பிய ரயில் வலது பக்கம் வந்து நிற்கும். நாங்கள் வேண்டுமென்றே ஆளுக்கொரு ரயிலில் ஏறினோம். முதல் இறக்கத்தில் அவர் என் பக்கம் பார்த்துக்கொண்டே போனார், முன்னால் வரும் பாதையைப் பார்க்கவே இல்லை. ஆனால் அது பழைய மரக் கோஸ்டர், நன்றாக உலுக்கும். கழுத்து வலி இருந்தால் விட்டுவிடுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு என் பதில் கோபன்ஹேகன். பாக்கனும் டிவோலியும் ஒன்றுக்கொன்று ரயில் தூரத்தில் இருக்கின்றன. இரண்டும் தோட்டங்கள், இரண்டிலும் நடந்தாலே பொழுது போகும். டிவோலியில் 1914-லிருந்து ஓடும் மரக் கோஸ்டரில் உங்கள் முதல் ரைடை வைத்துக்கொள்ளுங்கள். ரயிலின் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து கையால் பிரேக் பிடித்து ஓட்டுவார், வளைவுக்கு முன்னால் அவர் நெம்புகோலை இழுப்பதைப் பார்த்தாலே உங்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். அது ஒத்துக்கொண்டால் இரண்டாம் வருடம் எஃப்டெலிங்கிலிருந்து தொடங்கி, ஜெர்மனியில் பிரூலில் இருக்கும் ஃபான்டாசியாலாண்ட், அங்கிருந்து தெற்கே ரூஸ்டில் இருக்கும் யூரோபா பார்க் என்று ஒரே கோட்டில் போகலாம். யூரோபா பார்க் 1975-ல் மாக் குடும்பம் தொடங்கியது, பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஆளுக்கொரு தெரு மாதிரி அமைத்திருப்பார்கள். அங்கே 73 மீட்டர் உயர சில்வர் ஸ்டாரில் உங்கள் மனைவியை விட்டுவிட்டு நீங்கள் நாடு நாடாக நடக்கலாம். ஜப்பானுக்குப் போனால் நாகஷிமா ஸ்பா லேண்ட். ஸ்டீல் டிராகன் 2000 என்ற 2,479 மீட்டர் நீளக் கோஸ்டரும் வெந்நீர் ஊற்றுக் குளியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, இதைவிட உங்கள் இருவருக்கும் பொருத்தமான இடத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஏரிக்கரையில் வரிசையாக ராட்சதக் கோஸ்டர்கள் நிற்கும் ஒஹாயோவின் சீடர் பாயிண்டை நான்காம் ஐந்தாம் வருடத்துக்கு வையுங்கள், அது முழுக்க ஏறுகிறவர்களின் இடம். ஆனால் உங்கள் மனைவி ஏதாவது ஒரு ரைடின் பெயரைச் சொல்லி அதில் ஏறியே ஆகவேண்டும் என்கிறார் என்றால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 139 மீட்டர் உயரத்தோடு 2005-லிருந்து நியூ ஜெர்சியில் நின்ற கிங்டா கா என்ற கோஸ்டர் 2024 நவம்பரில் முன்னறிவிப்பே இல்லாமல் மூடப்பட்டது, 2025 பிப்ரவரி கடைசியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அடுத்த வருடம் போகலாம் என்று வைத்திருந்த பலரில் நானும் ஒருத்தி. இன்னொன்று, வட நாடுகளில் பல பூங்காக்கள் குளிர்காலத்தில் மூடிவிடும், வசந்தத்தின் ஆரம்பத்தில் வார இறுதியில் மட்டும் திறப்பதும் உண்டு. பள்ளி விடுமுறை முடிந்த செப்டம்பரின் வாரநாட்கள் உங்கள் இருவருக்கும் சரியாக இருக்கும். விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் பூங்காவின் சொந்த நாட்காட்டியைத் திறந்து, நீங்கள் போகும் தேதிகளில் திறந்திருக்கிறதா, எந்த ரைடு பராமரிப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பட்டையும் வாங்கிவிடுங்கள்.